ஓசியில் ஒரு மெயில் முத்திரை

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலரை மணி இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிற எங்கள் பார்ட்டி (வாடிக்கையாளர்) ஒருவரின் ஆபீசிலிருந்து, அங்கே கணக்குப் பார்க்கும் மேடம் போன் செய்தார்.

"ஏம்மா, பேங்க் மாத்தினா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? புது அக்கவுண்ட்ட சேர்த்துட்டு உட்கார்ந்திருக்கேன், இன்னும் ஆக்டிவேட் ஆகல."

நாங்கள் எந்த பேங்கையும் மாற்றவில்லை. பதினோரு வருஷமாக அதே கிளை, அதே கணக்கு. "மேடம், பணம் போட்டுடாதீங்க!" என்று நான் கத்தியதில் பக்கத்து மேஜைத் தம்பி டீயைப் பேண்ட் மேல் கொட்டிக்கொண்டான்.

எங்கள் ஆபீஸ் லிங்கிச்செட்டித் தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. கஸ்டம்ஸ் புரோக்கர் வேலை, அதாவது பார்ட்டிகளின் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுப்பது. தெருவில் இன்றைக்கும் சி.எச்.ஏ. (கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜென்ட்) என்றுதான் சொல்வார்கள். மொத்தம் ஆறு பேர். நான் டாக்குமெண்டேஷன். பி.எல். என்கிற கப்பல் சரக்கு ரசீது, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் சரிபார்த்து பில் ஆஃப் என்ட்ரி என்கிற இறக்குமதிச் சுங்கப் படிவம் போடுவது, அப்புறம் ஷிப்பிங் லைன் சார்ஜ், சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் கிடங்கு) சார்ஜ், எங்கள் ஏஜென்சி கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி "இவ்வளவு அனுப்புங்கள்" என்று பார்ட்டிக்கு மெயில் போடுவது என் வேலை. அன்றைக்கு அந்தத் தொகை ரூ.1,86,400.

பேங்க் மாறிவிட்டதாகச் சொன்ன அந்தப் போலி மெயிலை மேடம் எனக்கு ஃபார்வர்டு செய்தார். பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான்தான் அனுப்பினேனோ என்று. கன்டெய்னர் நம்பர் சரி. பில் ஆஃப் என்ட்ரி நம்பர் சரி. கீழே என் பெயர், ஆபீஸ் முகவரி, "மூன்றாவது மாடி" என்று நாங்கள் வருஷக்கணக்காகத் திருத்தாமல் வைத்திருந்த பழைய தப்பு வரை அப்படியே இருந்தது. அனுப்பியவர் முகவரியும் எங்களுடையதுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டு, திரையில் எழுத்தைப் பெரிதாக்கினேன். எங்கள் டொமைனில் ஒரு 'எம்' எழுத்து உண்டு. அந்த இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டிருந்தார்கள். சின்ன எழுத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் 'எம்' மாதிரியேதான் இருக்கும். நீங்களே தட்டிப் பாருங்கள்.

யாருடைய மெயில்பெட்டி வழியாக விவரம் வெளியே போயிற்று என்பது கடைசி வரை தெரியவில்லை. அவர்களும் பாஸ்வேர்டு மாற்றினார்கள், நாங்களும் மாற்றினோம், இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டோம். பணம் தப்பித்தது, மேடம் போன் செய்த ஒரே காரணத்தால்.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். "இனிமே நம்ம மெயில் நம்ம மெயில்தான்னு பார்ட்டிக்குத் தெரியணும்மா. நம்மகிட்டதான் டிஜிட்டல் சிக்னேச்சர் இருக்கே, அதைப் போட்டு அனுப்பு" என்று மேஜை டிராயரைத் திறந்து, நூல் கட்டிய யு.எஸ்.பி. டோக்கனைக் காட்டினார்.

நியாயமான யோசனைதான். ஐஸ்கேட் என்கிற கஸ்டம்ஸ் இணையதளத்தில் ஃபைல் பண்ணுவதற்காக எல்லா ஆபீசிலும் இந்த டோக்கன் இருக்கும். 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி, சான்றிதழ் நிறுவனங்களுக்கான மத்திய அரசின் கன்ட்ரோலரிடம் உரிமம் வாங்கிய நிறுவனம் கொடுக்கும் சான்றிதழ் அது. 2021 ஜனவரியிலிருந்து கிளாஸ் 2 என்ற வகை நிறுத்தப்பட்டு கிளாஸ் 3 வகை மட்டும்தான். டோக்கனைச் செருகி உள்ளே இருந்ததைத் திறந்து பார்த்தேன். முதலாளியின் முழுப் பெயர் இருந்தது, பின்கோடு கூட இருந்தது. மெயில் முகவரி எங்கேயும் இல்லை. முகவரி இல்லாத சான்றிதழை மெயிலுக்குப் பயன்படுத்த முடியாது, ஏனென்றால் மெயில் மென்பொருள் ஒப்பிட்டுப் பார்ப்பதே அந்த முகவரியைத்தான். போதாக்குறைக்கு எங்கள் மெயில் மென்பொருளான தண்டர்பேர்ட், "இதைக் கொடுத்தவர் யார் என்றே எனக்குத் தெரியாது" என்கிற மாதிரி ஒரு செய்தி காட்டியது. மேலும், அந்த டோக்கன் என்பது சட்டப்படி முதலாளியின் கை. அதை நான் நாள் முழுக்க என் கம்ப்யூட்டரில் செருகி வைத்துக்கொள்வது சரியில்லை. ஊரில் பல ஆபீசில் அப்படித்தான் நடக்கிறது என்பது வேறு விஷயம்.

"சரி, வேற ஒண்ணு வாங்கு. காசு எவ்வளவு ஆகும்?" என்றார்.

"ஓசியிலயே கிடைக்கும்னு சொல்றாங்க சார்."

முகம் மலர்ந்தது. ஓசி என்ற சொல்லைப் பற்றி எங்கள் தாத்தா ஒரு கதை சொல்வார். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கம்பெனி வேலையாகப் போகும் கடிதங்களுக்குத் தபால் கூலி கிடையாதாம், அவற்றின் மேல் 'ஓ.சி.' என்று குத்தி அனுப்புவார்களாம், அதிலிருந்து வந்ததாம் இந்தச் சொல். உண்மையோ இட்டுக்கட்டியதோ. ஆனால் கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஓசியில் கடிதத்துக்கு முத்திரை தேடியபோது அந்தக் கதைதான் ஞாபகம் வந்தது.

தேட ஆரம்பித்ததும்தான் தெரிந்தது, இது ஒரு கல்லறைத் தோட்டம் என்று. பழைய வழிகாட்டிகள் எல்லாம் இல்லாத கதவுகளைத் தட்டச் சொல்கின்றன. தாட் என்று ஒரு தென்னாப்பிரிக்க நிறுவனம். பிற்பாடு உபுண்டு லினக்ஸை ஆரம்பித்த மார்க் ஷட்டில்வொர்த் 1995-இல் தொடங்கி, 1999-இல் வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றது. இலவச மெயில் சான்றிதழ் கொடுத்தார்கள். நேரில் ஆளைப் பார்த்து அடையாள அட்டையைச் சரிபார்க்கத் தன்னார்வலர்கள் கூட உண்டு. 2009 நவம்பரில் அதை மூடிவிட்டார்கள். ஸ்டார்ட்காம் என்று இன்னொன்று. அதை வாங்கிய வோசைன் நிறுவனம் சான்றிதழ்களில் முன்தேதி போட்டதும், வாங்கிய விஷயத்தையே மறைத்ததும் 2016-இல் வெளியே வந்து, ஃபயர்பாக்ஸ் பிரவுசரைத் தயாரிக்கும் மொசில்லா இரண்டின் புதிய சான்றிதழ்களையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்தது. 2018 தொடங்கும்போது ஸ்டார்ட்காம் கடையைக் கட்டியது. கொமோடோவும் தனிநபர்களுக்கு இலவசமாகக் கொடுத்த காலம் உண்டு. 2018-இல் அது செக்டிகோ என்று பெயரை மாற்றிக்கொண்டது.

லெட்ஸ் என்கிரிப்ட் இருக்கிறதே என்று கேட்கலாம். நானும் முதலில் அங்கேதான் ஓடினேன். 2015 டிசம்பரிலிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது இணையதளத்துக்கான பூட்டு. மெயிலில் கையெழுத்துப் போட அவர்கள் தருவதில்லை.

சிஏசர்ட் என்று ஒரு சமூக முயற்சியும் இருக்கிறது. தன்னார்வலர்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்து உறுதி செய்யும் ஏற்பாடு. எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அம்பத்தூர் மேடத்தின் அவுட்லுக்குக்கு அது யார் என்றே தெரியாது. விண்டோஸ், மொசில்லா, ஆப்பிள் மூவரும் "இவர்களை நம்பலாம்" என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் இல்லாதவர் கொடுத்த சான்றிதழோடு மெயில் போனால், எதிர்முனையில் எச்சரிக்கைதான் வரும். ஏமாற்று மெயிலிலிருந்து காப்பாற்றுவதற்காக நான் அனுப்பும் மெயிலே எச்சரிக்கையோடு போய் இறங்கினால் எப்படி? நாமே சொந்தமாகச் சான்றிதழ் தயாரித்துக்கொள்வதும் இதே கதைதான். மெயிலில் கையெழுத்துப் போட ஓப்பன் பி.ஜி.பி. என்று இன்னொரு நல்ல முறை உண்டு, தண்டர்பேர்டின் 78-ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே வருகிறது, ஒரு பைசா செலவில்லை. ஆனால் கூடுதலாக எதுவும் சேர்க்காத அவுட்லுக்கில் அது எடுபடாது. எங்கள் பார்ட்டிகள் பாதிப் பேர் அவுட்லுக், மீதிப் பேர் ஜிமெயில். அதனால் அவுட்லுக்குக்குப் புரிகிற, சான்றிதழ் வைத்துக் கையெழுத்துப் போடும் எஸ்/மைம் முறை தவிர வேறு வழியில்லை என்று ஆயிற்று.

இன்னொரு குழப்பமும் இருந்தது. பழைய வழிகாட்டி எல்லாம், "படிவத்தை நிரப்பி பொத்தானை அழுத்துங்கள், உங்கள் பிரவுசரே சாவியைத் தயாரித்துக்கொள்ளும்" என்கின்றன. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பிரவுசருக்குள் கீஜென் என்று ஒரு வசதி. சாவி என்றால் இரண்டு பாதி: கையெழுத்துப் போட நாம் ரகசியமாக வைத்துக்கொள்ளும் தனிச்சாவி, அதைச் சரிபார்க்க மற்றவர்களுக்குக் கொடுக்கும் பொதுச்சாவி. நம் கம்ப்யூட்டரிலேயே சாவி பிறக்கும், அதன் பொதுப்பாதி மட்டும் நிறுவனத்துக்குப் போகும். குரோம் அதை 2017-இல் தூக்கிவிட்டது, ஃபயர்பாக்ஸ் 2019-இல். அதற்குப் பிறகு சாவியை யார் செய்வது என்ற கேள்வி இலவசம் தேடுகிறவர்கள் தலையில் விழுந்தது.

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வியாகப் பட்டது.

தங்கசாலை மணிக்கூண்டுப் பக்கம் பிளாட்பாரத்தில் ஒரு பெரியவர் சாவி போடுவார். எங்கள் வீட்டு பீரோவுக்கு இரண்டு முறை அவரிடம்தான் சாவி போட்டோம். அம்மா அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டார். பெரியவர் அரத்தால் ராவி முடித்து, ஊதித் துடைத்து, கையில் கொடுக்கும் வரை பக்கத்திலேயே நிற்பார். "நல்ல மனுஷன்தான், ஆனா சாவி ஆச்சே" என்பார். இப்போது கிடைக்கும் இலவசச் சான்றிதழ்களில் ஒன்றைத் திறந்து பார்த்தால், தனிச்சாவியையும் அந்த நிறுவனத்தின் சர்வரே தயாரித்து, சான்றிதழோடு சேர்த்து ஒரே பி12 கோப்பாகக் கட்டிக் கொடுக்கிறது. அங்கே போய் யார் பக்கத்தில் நிற்பது? அவர்கள் ஒரு நகலை வைத்துக்கொண்டார்களா இல்லையா என்பது அவர்களுடைய மனசாட்சி.

ஒரு நாள் வேலை முடிந்து பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆபீஸ் தம்பியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் முட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே கேட்டான்: "இன்னாக்கா, ஓசியில குடுக்குறவனுக்கு இன்னா லாபம்?"

நல்ல கேள்வி. ஒரு மெயில்பெட்டிக்கு ஓசியில் கொடுத்துப் பழக்கிவிட்டால், நாளைக்குக் கம்பெனி முழுக்க வாங்க வேண்டி வரும்போது அவர்களிடமே காசு கொடுத்து வாங்குவோம் என்பது ஒரு கணக்கு. வேர்க்கடலைக் கடையில் கையில் நாலு கொடுத்து ருசி பார்க்கச் சொல்வது மாதிரி.

"அப்ப சாவி அவங்கிட்டயும் இருந்தா?"

"என் பேர்ல அவங்க கையெழுத்துப் போடலாம். எனக்குப் பூட்டி அனுப்புன மெயிலைத் திறந்து படிக்கலாம்."

"நம்ம கார்கோ மெயிலைப் படிச்சு அவன் இன்னாக்கா பண்ணப் போறான்?" என்றான். அதுவும் வாஸ்தவம்தான். எனக்கு ஆபத்து சான்றிதழ் கொடுக்கும், எங்கேயோ ஐரோப்பாவில் இருக்கும் நிறுவனத்திடமிருந்து இல்லை. 'எம்'மை 'ஆர்.என்.' ஆக்குகிறவனிடமிருந்துதான். அந்த ஆபத்துக்கு சர்வரில் செய்த சாவி போதும். ஆனால் அந்தச் சாவியை நம்பி ஆதார் நகலையோ பார்ட்டியின் கே.ஒய்.சி. காகிதத்தையோ பூட்டி வாங்க மாட்டேன். கையெழுத்துக்கு மட்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

வாங்குவது பத்து நிமிட வேலை. மெயில் முகவரியைக் கொடுத்தால் அதற்கு ஒரு சரிபார்ப்பு எண் வரும், அதைத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு முத்திரை. எனக்குப் பத்து நிமிடம் இரண்டு நாளாகியது, அது என் புத்தி. பி12 கோப்பைத் திறக்கும் பாஸ்வேர்டைத் திரையில் ஒரே ஒரு முறைதான் காட்டினார்கள். அவசரத்தில் கையில் கிடைத்த டெலிவரி ஆர்டர் நகலின் பின்பக்கம் எழுதினேன். மறுநாள் தண்டர்பேர்டில் ஏற்றும்போது தப்பு என்றது. பூஜ்யத்தை ஓ என்றும், ஓவைப் பூஜ்யம் என்றும், நடுவில் நின்ற ஒரு குச்சியை ஒன்று, சின்ன எல், பெரிய ஐ என்றும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பாஸ்வேர்டை எழுதிய கை என்னுடையதுதான், படிக்கத்தான் முடியவில்லை. அந்தச் சான்றிதழை ரத்து செய்துவிட்டு முதலிலிருந்து வாங்கினேன். இந்த முறை திரையிலிருந்து நேராக நகலெடுத்து, பாஸ்வேர்டு மேலாளரில் ஒட்டினேன்.

ஏற்றி முடித்ததும் முதல் மெயிலை எனக்கே அனுப்பிக்கொண்டேன். ஆங்கிலத்தில் ஒரே வரி, டூட்டி 48,500 என்று. வந்த மெயிலின் மூலையில் எஸ்/மைம் என்று ஒரு சின்னப் பெட்டி, அதில் முத்திரைப் படம். சரி, உண்மையிலேயே வேலை செய்கிறதா பார்ப்போம் என்று அந்த மெயிலை டெஸ்க்டாப்பில் சேமித்து, நோட்பேடில் திறந்து, 4-ஐ அழித்துவிட்டு 9 போட்டேன். ஒரே ஒரு எண். மறுபடி தண்டர்பேர்டில் திறந்தால் முத்திரையின் மேல் குறி விழுந்துவிட்டது. கையெழுத்து செல்லாது, அனுப்பிய பிறகு உள்ளடக்கம் மாறியிருக்கிறது என்று சொன்னது. 9-ஐ எடுத்துவிட்டு 4 போட்டேன். முத்திரை திரும்ப வந்துவிட்டது. நாலைந்து தடவை இப்படியே விளையாடினேன், வேலை கெட்டதுதான் மிச்சம்.

உள்ளே நடப்பது இதுதான். மெயிலின் உள்ளடக்கம் முழுவதையும் அரைத்து ஒரு குட்டி எண்ணாக்கி, அந்த எண்ணின் மேல் என் தனிச்சாவியால் கையெழுத்துப் போடுகிறது. படிக்கிறவர் பக்கத்தில் அதே மெயிலை மறுபடி அரைத்து, சான்றிதழில் இருக்கும் பொதுச்சாவியைக் கொண்டு ஒத்துப்பார்க்கிறது. ஒரு புள்ளி மாறினாலும் அரைத்து வரும் எண் வேறு. மெயிலை யாரும் படிக்காமல் இது தடுக்காது, அஞ்சலட்டையில் கையெழுத்துப் போட்ட மாதிரிதான்.

சந்தோஷமாகப் பார்ட்டிகளுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். முதல் நாளே மூன்று போன். ஜிமெயிலில் பார்க்கிறவர்களுக்கு முத்திரை எதுவும் தெரியாமல், எஸ்மைம் டாட் பி7எஸ் என்று ஓர் இணைப்பு மட்டும் தொங்கியிருக்கிறது. "என்னம்மா, வைரஸ் கிரஸ் அனுப்புறியா?" என்று ராயபுரத்தில் மீன் ஏற்றுமதி செய்கிற அண்ணன் கேட்டார். மணலிப் பக்கம் இருக்கும் ஒரு பெரிய கம்பெனியில் முத்திரை உடைந்தே போய்ச் சேர்ந்தது. அவர்கள் சர்வர், வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மெயிலின் தலையிலும் "ஜாக்கிரதை, இது வெளி மெயில்" என்று ஒரு வரி சேர்க்கிறது. ஜாக்கிரதைக்காகச் சேர்த்த அந்த ஒரு வரியால் உள்ளடக்கம் மாறிவிட்டது, கையெழுத்து செல்லாமல் போய்விட்டது. அவர்கள் ஐ.டி. ஆட்களிடம் சொன்னேன், பார்க்கிறோம் என்றார்கள்.

அதைவிட எதிர்பாராத ஒன்று தூத்துக்குடி பார்ட்டியிடமிருந்து வந்தது. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பும் ஒவ்வொரு மெயிலோடும் என் சான்றிதழும், அதாவது என் பொதுச்சாவியும், சேர்ந்தே போகிறது. அவர் அவுட்லுக் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவர் ஒரு பொத்தானைத் தட்டியதும் பதிலைப் பூட்டி அனுப்பிவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தது. இரவு வீட்டிலிருந்து போனில் பார்த்தால் ஒன்றுமே இல்லை, பி7எம் என்று ஒரு கோப்பு மட்டும். ஆக, கையெழுத்துக்கு மட்டும் என்று நான் தீர்மானித்தாலும் எதிரில் இருப்பவர் அப்படித் தீர்மானிக்க வேண்டியதில்லை. அந்த மெயிலைத் திறக்கும் சாவி தொலைந்தால் மெயிலும் தொலைந்தது மாதிரிதான். வருஷம் முடிந்து புதுச் சான்றிதழ் வாங்கினாலும் பழையதைத் தூக்கிப் போடக் கூடாது. அதனால் பி12 கோப்பு ஒரு பென் டிரைவில் ஏறி, மஞ்சள் துணிப் பையில் சுற்றி, தண்டையார்பேட்டை வீட்டில் அம்மாவின் பீரோவுக்குள் போயிருக்கிறது. தங்கசாலைச் சாவியால் பூட்டிய அதே பீரோ.

தூத்துக்குடிக்காரரிடம் பூட்டி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாவி சர்வரில் பிறந்தது என்பதோடு, 2018 மே மாதம் ஈஃபெயில் என்ற பெயரில் வெளியான ஓட்டையைப் பற்றியும் படித்திருந்தேன். பூட்டிய மெயிலை வழியில் பிடித்து, அதில் எச்.டி.எம்.எல். துண்டுகளைச் செருகி, படிக்கிறவரின் மென்பொருளே திறந்த உள்ளடக்கத்தை வெளியே அனுப்பும்படி செய்யலாம் என்று காட்டினார்கள். மென்பொருள்களில் அதன் பிறகு திருத்தம் வந்துவிட்டது. இருந்தாலும், முக்கியமான காகிதத்தை பி.டி.எஃப். ஆக்கி பாஸ்வேர்டு போட்டு, பாஸ்வேர்டை போனில் சொல்வதுதான் எங்கள் பார்ட்டிகளுக்குப் புரிகிற முறை.

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். முதலாளிக்கு மெயிலைக் காட்டியபோது முத்திரையைத் தட்டி விவரம் பார்த்தார். "உன் பேரே இல்லையே? கம்பெனி பேரும் இல்ல?" என்றார். இல்லைதான். மெயில் முகவரி மட்டும்தான் இருந்தது. மெயில் சான்றிதழ்களுக்கென்று, சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சி.ஏ. பிரவுசர் ஃபோரம் வகுத்த விதிமுறை 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, மெயில்பெட்டியை மட்டும் சரிபார்த்துக் கொடுக்கிற சான்றிதழில் ஆள் பெயர், கம்பெனி பெயர் எதையும் போடக் கூடாது. சரிபார்க்காததை எழுதக் கூடாது என்பது ஒழுங்கான விதிதான். பெயர் வேண்டுமென்றால் ஆளையோ கம்பெனியையோ தனியாகச் சரிபார்க்க வேண்டும், அதற்குக் காசு.

அன்று வீட்டுக்குப் போகும்போது மண்ணடி மெட்ரோவில் நின்றுகொண்டே யோசித்தேன். சான்றிதழ் நிறுவனம் கேட்டது ஒன்றே ஒன்று: இந்த மெயில்பெட்டி உன் கையில் இருக்கிறதா? 'ஆர்.என்.' டொமைன்காரனும் அதே படிவத்தில் அவனுடைய முகவரியைப் போடுவான். சரிபார்ப்பு எண் அவன் பெட்டிக்குத்தான் போகும். அவன் பெட்டி அவன் கையில்தானே இருக்கிறது? அவனுக்கும் ஒரு வருஷத்துக்கு ஓசியில் முத்திரை கிடைக்கும். அவன் மெயிலிலும் அதே படம் வரும், பொய்யே இல்லாமல். நான் இறங்க வேண்டிய தண்டையார்பேட்டையை விட்டுவிட்டுப் புது வண்ணாரப்பேட்டையில் இறங்கித் திரும்பி வந்தேன்.

மறுநாள் முதலாளியிடம் இதை மறைக்காமல் சொன்னேன். "அப்ப எதுக்கு இவ்வளவு பாடு?" என்று கேட்டார். நான் சொன்ன பதில் இதுதான்: இந்தக் களவாணிகள் ஒரு மெயிலுக்காக அவ்வளவு தூரம் மெனக்கெடுவது குறைவு. முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் பார்ட்டிக்கு வந்தால், முத்திரையைத் தட்டி முகவரியைப் படிக்கிற பழக்கத்தையும் கூடவே சொல்லிக்கொடுக்கலாம். அப்புறம், எல்லா மெயிலின் அடியிலும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் மெயிலில் சொல்ல மாட்டோம், ஆபீஸ் லேண்ட்லைனுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். எழுதச் செலவில்லை, சான்றிதழும் வேண்டாம். உண்மையைச் சொன்னால் ரூ.1,86,400-ஐக் காப்பாற்றியது போன்தான்.

அவர் யோசித்துவிட்டு, "ஆறு பேருக்கும் வாங்கிடலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஆறு சான்றிதழ், ஆறு பாஸ்வேர்டு, ஆறு காலாவதித் தேதி. அதில் ஒன்று தவறினாலும் பார்ட்டி முத்திரையை மதிப்பதை விட்டுவிடுவார். பணம் கேட்டு மெயில் போவது என் பெட்டியிலிருந்து மட்டும்தான், அதற்கு மட்டும் ஒன்று இருக்கட்டும். காலாவதித் தேதியை ஆபீஸ் தினசரி காலண்டரில், ஒரு மாதம் முன்னதாகவே, சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். தம்பி அதைப் பார்த்துவிட்டு முகூர்த்த நாளா அக்கா என்று கேட்டான்.

போன மாதம் ஒரு காலை. எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் வரிசை நகரவில்லை என்று டிரைவர் போன் மேல் போன். டிடென்ஷன் (கன்டெய்னர் தாமதக் கட்டணம்) ஏறுவதற்குள் பார்ட்டியிடம் பணம் வாங்கியாக வேண்டும். மெட்ரோவில் நின்றபடியே கைபேசியிலிருந்து அம்பத்தூர் மேடத்துக்குத் தொகையை எழுதி அனுப்பிவிட்டேன். மண்ணடியில் இறங்கி மேலே வருவதற்குள் ஆபீஸ் லேண்ட்லைனில் அவர் என்னைத் தேடியிருக்கிறார். தம்பி என் கைபேசிக்குக் கூப்பிட்டு, இரண்டு ரிசீவரையும் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பிடித்தான்.

"ஏம்மா, இன்னிக்கு மெயில்ல அந்த முத்திரைய காணோமே? நீதானா அனுப்பினது?"

"நான்தான் மேடம். போன்லேர்ந்து அனுப்பினேன், அதுல சான்றிதழ் ஏத்தல."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆபீஸ் போய் முத்திரையோட அனுப்பு, அப்புறம் போடுறேன்."

டிரெய்லர் அங்கேயே நின்றது. நான் இரண்டு மாடிப் படியையும் ஓடி ஏறினேன்.